வேறு கிளைகள் இல்லை

தென்மாவட்டக் கடைவீதி எதில் நடந்தாலும் பெயர்ப்பலகையின் அடியில் ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’ என்றொரு வரியைப் பார்க்கலாம். அல்வாக் கடையில் இருக்கும், நாட்டு மருந்துக் கடையில் இருக்கும், பால்கோவாக் கடையில் கட்டாயம் இருக்கும். இணையதளத்தில் ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம் வைக்கிறார்களே, அதன் வேலையை இந்த ஒற்றை வரி எத்தனையோ காலமாகப் பார்த்துவருகிறது. இதே மாதிரிப் பெயரில் பக்கத்தில் இன்னொரு கடை வந்திருக்கிறது. நீங்கள் தேடி வந்தது இதுதான். ஏதாவது குறை என்றால் இதே வாசலுக்கு வந்து என்னைக் கேட்கலாம். ஒரு வரிக்குள் மூன்று சேதி. ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்பதில் ஒன்றுகூடக் கிடையாது.

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு சிறு வியாபாரிகளுக்கு இந்தப் பக்கத்தை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. தளத்தை வடிவமைப்பது வேறு ஆட்கள். எழுத்து மட்டும் என் பொறுப்பு. இதற்கு முன்னால் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். தினசரிக் காலண்டர் அட்டையில் சாமி படத்துக்குக் கீழே கடைக்காரருக்கு மூன்று வரிதான் இடம். கடைப் பெயர், என்ன வியாபாரம், எங்கே இருக்கிறது. அதற்குள் தாத்தா பெயரையும் நுழைக்கச் சொல்வார்கள். எதை விட்டால் கடை தெரியும், எதை விட்டால் கடையே காணாமல் போகும் என்பதை அங்கேதான் பழகினேன்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குள் எத்தனை தொழில்! நூற்பாலை, பால்கோவா, மாம்பழம், தேங்காய், கைத்தறிச் சேலை, நாய்க்குட்டி. கிழக்கே கொஞ்சம் தள்ளினால் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு விசைத்தறிச் சத்தம். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி அங்கே நெய்யப்படுகிறது. இத்தனை விதமான தொழில் நடக்கும் வட்டாரத்தில் எல்லா இணையதளங்களின் ‘எங்களைப் பற்றி’யும் ஒரே பக்கமாக இருப்பதுதான் ஆச்சரியம். ‘பல ஆண்டு அனுபவம் கொண்ட நாங்கள், வாடிக்கையாளர் திருப்தியையே குறிக்கோளாகக் கொண்டு...’ என்று தொடங்கும். பால்கோவா என்ற இடத்தில் பேண்டேஜ் என்று மாற்றிப் போட்டாலும் வாக்கியம் நோகாமல் நிற்கும். அப்படி நின்றால் அந்த வாக்கியத்துக்குள் ஆள் இல்லை என்று அர்த்தம். என்னிடம் வரும் எந்தத் தாளையும் முதலில் இப்படி மாற்றிப் போட்டுத்தான் பார்ப்பேன்.

இப்போது இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. கடைக்காரரின் மகனோ மகளோ கைப்பேசியில் ஏதோ ஏஐ செயலியிடம் கேட்டு வாங்கி வந்துவிடுகிறார்கள். இலக்கணம் சுத்தமாக இருக்கும். ‘பாரம்பரியமும் புதுமையும் கைகோக்கும் பயணம்’ என்று இருக்கும். “நல்லாத்தானே இருக்கு, இதுக்கு மேல நீங்க என்ன எழுதப் போறீங்க?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அந்தச் செயலி அடுப்படிக்கு வந்து நின்றதில்லை, அவ்வளவுதான் பதில்.

ராஜபாளையத்தில் தொழில் செய்கிறவர்கள் மனசில் ஒரு பெரிய வீட்டுக் கதை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதும், பிறகு சிமெண்டுக்கும் மற்றதற்கும் அந்தக் குடும்பம் வளர்ந்ததும் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் போன வருஷம் ஆரம்பித்த தென்னைநார் யூனிட்காரருக்குக்கூடத் தன் பக்கத்தில் ஒரு பழைய வருஷம் இருந்தாக வேண்டும். தாத்தா மளிகைக் கடை வைத்திருந்த வருஷத்தைப் பேண்டேஜ் தொழிலின் தொடக்கம் என்று போடச் சொன்னவர் உண்டு. மாட்டேன் என்று சொல்லவில்லை. தாத்தா இந்த வருஷம் மளிகை வைத்தார், பேரன் இந்த வருஷம் தறி போட்டார் என்று இரண்டையும் உள்ளது உள்ளபடி எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, “இதுவே கெத்தாத்தான் இருக்கு” என்றார். வாங்குகிறவருக்கு வருஷக் கணக்கைவிட, இந்த ஆள் அடுத்த வருஷமும் இங்கேயே இருப்பாரா என்பதுதான் கவலை. புதுத் தொழில் என்பதை மறைத்தால்தான் அந்தக் கவலை கூடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்கு எழுதியதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடைக்குப் பின்னாலேயே அடுப்பு. அண்ணாச்சி எனக்காக ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். முதல் பத்தி ஆண்டாள். இரண்டாவது பத்தி பதினோரு நிலை ராஜகோபுரம். மூன்றாவது, அந்தக் கோபுரம் தமிழக அரசு முத்திரையில் இருக்கும் பெருமை. (முத்திரையில் இருப்பது மதுரைக் கோபுரம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எங்கள் பக்கம் வந்து அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.) கடை வந்தது நான்காவது பத்தியில்தான். அதுவும் ‘மேற்படி சிறப்பு வாய்ந்த ஊரில்’ என்று.

“அண்ணாச்சி, கோயிலைப் பத்தித் தெரிஞ்சுக்கிறவங்க கோயிலுக்குப் போவாங்க. உங்ககிட்ட வர்றவங்களுக்குக் கடையைப் பத்தித்தானே தெரியணும்?”

“அதுக்காகத் தாயாரை விட்டுட்டா எழுதச் சொல்றே?”

விடச் சொல்லவில்லை. கடைக்கு வழி சொல்லும் இடத்துக்குத் தாயாரைக் கொண்டுபோனோம். கோயில் வாசலிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், தேர் எந்தக் கைப்பக்கம் வரும், எத்தனையாவது கடை என்று எழுதினோம். ஊரில் பால்கோவாக் கடைகளுக்குப் பஞ்சமில்லை, பெயர்களும் ஒன்றுபோல ஒன்று இருக்கும் என்பதால் பக்கத்திலேயே அதிகம் பயன்பட்ட பத்தி அதுதான் என்று அண்ணாச்சியே பிறகு ஒத்துக்கொண்டார்.

மற்றதெல்லாம் மதினியிடமிருந்து கிடைத்தது. அண்ணாச்சி என்னைக் கூட்டிப்போய் அடுப்பைக் காட்டினார், வாங்கிய கேடயங்களைக் காட்டினார். ஆனால் கல்லாவில் உட்கார்ந்து போன் எடுப்பது மதினி. ஒரு நாள் காலை நேரம் முழுக்க அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எவர் பேசினாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி அவையேதான். எத்தனை நாள் தாங்கும்? பாலைத் தவிர என்ன சேர்க்கிறீர்கள்? மதுரைக்குக் கூரியர் உண்டா, சென்னைக்கு உண்டா? கோயில் பக்கத்துக் கடைதானே நீங்கள், அந்த இன்னொரு கடை இல்லையே? மதினி சலிக்காமல் ஒரே பதிலைச் சொன்னார்.

“பாலும் சீனியும்தாம்மா. வேற ஒண்ணும் கெடையாது. வெளிய வச்சா ஒரு வாரம். அதுக்கு மேல வச்சுச் சாப்பிட்டா நான் பொறுப்பில்ல.”

எழுதுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? நோட்டில் அப்படியே எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. “பொறுப்பில்லன்னு போட்டா யாரும்மா வாங்குவா?” என்றார். கடைசியில், ‘பாலும் சீனியும் மட்டும் சேர்ப்பதால் வெளியில் வைத்தால் ஒரு வாரம்தான் தாங்கும், அதற்கு மேல் வைக்காதீர்கள்’ என்று பக்கத்தின் மேலேயே வந்தது. கெடும் என்று தானாகச் சொல்கிற கடைக்காரர் கலப்படத்தைப் பற்றித் தனியாகச் சத்தியம் பண்ண வேண்டியதில்லை. ஒரு மாசம் தாங்கும் என்று சொல்கிறவரிடம்தான், அப்படி என்னத்தைச் சேர்க்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

அடுப்படியிலும் ஒரு கணக்கு கிடைத்தது. அகலமான இரும்புச் சட்டி, கீழே புளிய விறகு. மாஸ்டர் நீளமான துடுப்பால் அடியிலிருந்து கிண்டிக்கொண்டே இருந்தார். பேச்சுக்காகக்கூடக் கை நிற்கவில்லை. பால் பொங்கி அடங்கிச் சுண்டி, ஓரங்களில் ஆடை ஒட்டும்போது அதைச் சுரண்டி உள்ளே தள்ளுகிறார். சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும்போது இறக்கிவிட வேண்டும், கொஞ்சம் விட்டால் நிறம் மாறிவிடும் என்றார். “பத்து லிட்டர் ஊத்துனா எவ்வளவு வரும்ணே?” என்று கேட்டேன். “சீனியோட சேத்து மூணரைக் கிலோ வரும். கூட வந்தா அது பால்கோவா இல்ல.” இதையும் பக்கத்தில் போட்டோம். ‘தூய்மையானது’, ‘அசலானது’ என்ற சொற்களை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பத்து லிட்டருக்கு மூன்றரைக் கிலோ என்று ஒருவர் எழுதினால், படிக்கிறவர் பால் விலையைப் பெருக்கிப் பார்த்து, கிலோ ஏன் இந்த விலை என்று தானே கண்டுகொள்வார். ரோட்டோரத்தில் பாதி விலைக்குக் கிடைப்பதைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். போட்டிக்காரரை நாம் பெயர் சொல்லித் திட்ட வேண்டிய அவசியமே வராது.

எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்பதும் இல்லை. பால் எந்தக் கிராமத்திலிருந்து வருகிறது என்று எழுத ஆசைப்பட்டேன். மலையடிவாரத்து ஊர் பெயரைக் கேட்டதும் அண்ணாச்சி முகம் மாறியது. “பேரைப் போட்டா நாளைக்கே இன்னொருத்தன் லிட்டருக்கு ரெண்டு ரூவா கூடக் குடுத்து மடக்கிருவான்.” சரியான பயம். ‘சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து’ என்று பொத்தாம்பொதுவாக விட்டுவிட்டேன். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியதும் வியாபாரி காப்பாற்ற வேண்டியதும் எங்கே மோதுகிறது என்று பார்ப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

அண்ணாச்சியின் தாளில் இன்னொரு வரி: ‘எங்கள் பால்கோவா புவிசார் குறியீடு பெற்றது.’ இதை மட்டும் விடாப்பிடியாக எடுக்கச் சொன்னேன். 2019-இல் குறியீடு கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு. ஒரு கடைக்குக் கிடைத்ததில்லை. 1999-இன் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, அந்தப் பெயரைக் குறியீடாகப் போட்டு விற்கும் உரிமை வேண்டுமென்றால் ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இருந்தால் எண்ணோடு போடுங்கள், இல்லையென்றால் விண்ணப்பம் போட்டுவிட்டு வாருங்கள் என்றேன். பத்திரிகையில் ஊர்ப்பெயர் வந்த அன்றைக்குக் கடைக்குக் கடை லட்டு கொடுத்துக் கொண்டாடியிருக்கலாம். பக்கத்தில் எழுதும்போது அது ஊரின் சொத்து. பக்கத்துக் கடைக்காரரும் அதையே போட்டால் உங்கள் பக்கத்துக்கு என்ன விசேஷம்?

எண் என்றதும் நினைவுக்கு வருகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண்ணைப் பெட்டியில் பொடி எழுத்தில் போடுவார்கள், தளத்தில் தேடினாலும் கிடைக்காது. வெளியூரில் இருந்து முதல் முறை பணம் அனுப்புகிறவர் அதைத்தான் தேடுகிறார். இணையம் வழியாக விற்றால் இதில் சட்டமும் உண்டு. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்கும் நிறுவனத்தின் சட்டப்பூர்வமான பெயர், தலைமையகமும் கிளைகளும் இருக்கும் முகவரி, தொடர்பு எண்கள், குறைதீர் அலுவலர் விவரம் எல்லாவற்றையும் தளத்தில் தெளிவாகக் காட்டச் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘குறைதீர் அலுவலர்’ என்றதும் அண்ணாச்சி மிரண்டுபோனார். கடையில் மொத்தமே ஏழெட்டுப் பேர். “அது மதினிதான் அண்ணாச்சி, இப்பவும் அவங்கதானே பாக்குறாங்க” என்றேன். மதினி பெயர் பக்கத்தில் ஏறியது அப்படித்தான்.

சத்திரப்பட்டிக் கதை வேறு. அங்கே படிக்கிறவர் பலகாரம் வாங்க வந்தவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு மொத்தமாக எடுக்கும் கொள்முதல் அதிகாரியோ, வெளிநாட்டு ஏற்றுமதிக்கு ஆள் தேடும் ஏஜெண்டோதான். அவருக்கு நம் ஊரின் பெருமை, குடும்பக் கதை, கண்ணீர், எதுவும் வேண்டாம். நெசவு உங்கள் தறியா, கூலித் தறியா? ப்ளீச்சிங் உள்ளேயா, வெளியேயா? கிருமி நீக்கம் எங்கே செய்கிறீர்கள்? உரிமம் எந்த எண்? மாதம் எவ்வளவு கொடுக்க முடியும்? இதை ஒளித்துவைத்துக்கொண்டு ‘முன்னணி உற்பத்தியாளர்’ என்று போட்டால், அவர் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். அந்தத் தெருவில் எல்லோருமே முன்னணிதான்.

ஒரு பேண்டேஜ் யூனிட் உரிமையாளர் என்னைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். தறியிலிருந்து வரும் காடாத் துணி பழுப்பாக, கஞ்சி மொடமொடப்போடு இருக்கும். அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பெராக்சைடில் வெளுத்து, அலசிக் காயப்போட்டால்தான் காயத்தில் வைக்கும் காஸ் துணியாகிறது. சும்மா பேசிக்கொண்டே வந்தவர், மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை இழுத்து, ஒரு துண்டுத் துணியை மடித்து அதன் மேல் போட்டார். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் துணி நனைந்து அடிக்குப் போய்விட்டது.

“என்ன சார் இது?”

“ஒண்ணும் இல்ல மேடம். இன்னைக்கு வந்த லாட் சரியா வெளுத்திருக்கான்னு பாத்தேன்.”

நூலில் மெழுகும் கஞ்சியும் மிச்சமிருந்தால் துணி தண்ணீரில் மிதக்கும். ரத்தத்தையும் உறிஞ்சாது. பத்து நொடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்தியல் தரநூல்கள் வைத்திருக்கும் அளவு. ஆய்வகத்தில் முறைப்படி செய்யும் சோதனையை அவர் ஒவ்வொரு லாட்டுக்கும் தன் திருப்திக்காக டீ டம்ளரில் ஒரு தடவை செய்துபார்க்கிறார். அவரைப் பொறுத்தவரை அது சொல்லும்படியான விஷயமே இல்லை. மறுபடி செய்யச் சொல்லி, கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டேன். பழைய பக்கத்தில் இருந்த கோட்டு சூட்டு வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கும் படத்தை எடுத்துவிட்டு இதை வைத்தோம். கீழே இரண்டே வரி: எது உள்ளே நடக்கிறது, எது வெளியே கொடுத்து வாங்குகிறோம். கிருமி நீக்கத்தை வெளியே கொடுக்கிறோம் என்று எழுத அவருக்குக் கூச்சம். எத்திலீன் ஆக்சைடு வசதி இல்லாதது குறைபோலத் தெரியுமே என்றார். எப்படியும் ஆய்வுக்கு வரும்போது தெரியப்போகிறது. அன்றைக்குத் தெரிந்தால் அது பொய், இன்றைக்கே எழுதினால் தகவல். எழுதிவிட்டோம்.

சுத்தமாக எழுதத் தெரிந்த ஒருவருக்கு வராத இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தொழில் செய்கிறவருக்குத் தன் கையில் என்ன விசேஷம் இருக்கிறது என்று தெரியாது. தினமும் செய்வதால் அது அவர் கண்ணுக்கே படுவதில்லை. “உங்க சிறப்பு என்ன?” என்று கேட்டால் தரம், நேர்மை, நியாய விலை என்று மனப்பாடப் பகுதியை ஒப்பிப்பார். அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. காலையில் வந்ததும் முதலில் எதைத் தொடுவீர்கள்? எந்த ஆர்டரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள்? சரக்கு கெட்டுப்போனால் யார் கையிலிருந்து போகும்? இப்படிக் கேட்டால் ஆள் வெளியே வருவார். குறிப்பாக, திருப்பி அனுப்பிய ஆர்டரைப் பற்றிக் கேட்டால் எவருக்கும் பேச்சு நிற்காது.

திருப்பி அனுப்புவது என்றால் நாய்தான். ராஜபாளையம் நாய் வளர்த்து விற்கும் ஒரு பெரியவருக்கு எழுதினேன். அவரிடம் ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்தது. பாளையக்காரர் போர், எதிரிப் படையின் குதிரைகளைச் சாய்த்த வேட்டை நாய்கள் என்று ரத்தமும் தூசியுமாகப் பறந்துகொண்டிருந்தது. படிக்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆதாரம் கேட்டால் ‘சொல்வார்கள்’ என்பதைத் தவிர வேறில்லை. அதை எடுத்துவிட்டு, 2005-இல் இந்தியத் தபால்துறை வெளியிட்ட நாட்டு நாய் அஞ்சல்தலைகளில் ராம்பூர், முதோல், இமயமலை ஆட்டுநாய் இவற்றோடு ராஜபாளையமும் இடம்பெற்றதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பெரியவர் போனில் பேசுவதைக் கேட்டால் விற்க வந்தவர் மாதிரியே இருக்காது. “எங்கே வீடு? அபார்ட்மெண்டா? அப்ப வேணாம் தம்பி, வேற ஜாதி பாருங்க.” ஓட இடம் வேண்டும், ஒரு ஆளிடம்தான் ஒட்டும், வெளியாள் வந்து தலையைத் தடவ விடாது. பால் வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும்தான் வேண்டும் என்று கேட்பவர்களிடம், அந்த வெள்ளையோடு சில குட்டிகளுக்குக் காது கேட்காமலும் போகும் என்று அவராகவே சொல்லி, கைதட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறார். இவ்வளவையும் பக்கத்தில் ஏற்றினோம். நாய் வளர்ப்பு விற்பனைக்கான 2017 விதிகளின்படி வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பதிவு விவரத்தையும் எட்டு வாரக் கணக்கையும் போட்டோம். “இதைப் படிச்சா பாதிப் பேரு ஓடிருவானே” என்றார் மகன். “ஓடட்டும்” என்றார் பெரியவர், “அவன் மூணாவது மாசம் கொண்டாந்து விடுறதுக்கு இப்பவே ஓடட்டும்.” எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் உருப்படியான பக்கங்களில் அது ஒன்று. அதில் என் எழுத்து குறைவு.

தேடுபொறிக்காரர்கள் வேறு ஒரு பக்கம் நெருக்குவார்கள். ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்று பத்திக்குப் பத்தி வர வேண்டும், அப்போதுதான் கூகுளில் மேலே வரும் என்பார்கள். அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தால் கடைக்காரருக்குத் திக்குவாய் வந்த மாதிரி இருக்கும். தளங்களின் தரத்தைப் பார்க்கும் ஆட்களுக்கு கூகுள் கொடுத்திருக்கும் கையேட்டில், இந்தத் தளத்துக்கு யார் பொறுப்பு, அவரைப் பற்றிய விவரம் எங்கே என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 2022 டிசம்பரில், எழுதுகிறவருக்கு நேரடி அனுபவம் உண்டா என்பதையும் சேர்த்தார்கள். மதினி கல்லாவில் உட்கார்ந்து சொன்ன பதில் அங்கேயும் செல்லுபடியாகும்.

பக்கம் எத்தனை நீளம் என்று கேட்பார்கள். கைப்பேசியில் இரண்டு தடவை தள்ளினால் முடிந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. முதலில், என்ன செய்கிறீர்கள், எங்கே. பிறகு அந்த மூழ்கும் துணி போல ஒரு காட்சி. பிறகு பெயர், முகம், எண்கள், வழி. தொலைநோக்கு, குறிக்கோள் என்று இரண்டு பெட்டி போடுவது பெரிய கம்பெனிகளைப் பார்த்து வந்த பழக்கம். ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் குறிக்கோளை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. முகம் போடத்தான் சிலர் தயங்குவார்கள், பெண்கள் குறிப்பாக. கட்டாயப்படுத்துவதில்லை. கையைப் படம் எடுத்தாலும் போதும். துடுப்புப் பிடித்த கை, பாவு முடியும் கை. இரவல் படம் மட்டும் வேண்டாம்.

எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. பால்கோவாக் கடைகளுக்கு ஆடிப்பூரத் தேருக்கு முன்னால் ஒரு தடவை போன் போட்டு, எண் மாறியிருக்கிறதா, உரிமம் புதுப்பித்தாயிற்றா, மதியம் கடை சாத்தும் நேரம் அதேதானா என்று கேட்டுவிடுவேன். தேருக்கு வருகிற வெளியூர்க் கூட்டம் வழியிலேயே கைப்பேசியைத் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் வரும். சத்திரப்பட்டிக்குத் தனியாகப் போய்விட்டு வருவேன். அங்கே போன தடவை டம்ளர்க்காரரின் மகன் பொறுப்புக்கு வந்திருந்தார். அப்பாவின் கைப்பேசி எண்ணைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, விசாரணைப் படிவம் ஒன்றை மட்டும் வைத்துவிடலாம், ராத்திரி பதினோரு மணிக்கெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்றார். அப்பாவுக்கு மனசில்லை. துபாயிலிருந்து ஒருவர் அந்த எண்ணில் பேசித்தான் முதல் கண்டெய்னர் போனது என்று இரண்டு தடவை சொன்னார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் என்னை வைத்துக்கொண்டே வாதாடினார்கள். இப்போதைக்குப் படிவமும் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. எண்ணுக்குக் கீழே ‘காலை 9 முதல் மாலை 6 வரை, ஞாயிறு விடுமுறை’ என்று சேர்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்பா எடுப்பார் என்பது மகனுக்கும் தெரியும்.